ஹார்ட்லி என்று நான் எழுதிய மனு

கண்ணு,

உன் கடிதம் வியாழக்கிழமை தபாலில் மலையேறி வந்து சேர்ந்தது. உன் அம்மா என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். சேலத்தில் முப்பது பெண்பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நீ இங்கிலீஷ் பாடம் நடத்துகிறாய் என்பதை அவளால் இன்னும் நம்ப முடியவில்லை. "அதுங்க இவ சொல்றதைக் கேக்குதுங்களா?" என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்கிறார்கள் என்றுதான் உன் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிறது. கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாய். ஹார்ட் என்பதற்கும் ஹார்ட்லி என்பதற்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது, எத்தனை தடவை திருத்தினாலும் 'நான் ஹார்ட்லி படித்தேன்' என்றே எழுதுகிறார்கள், நீங்கள் எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் அப்பா, எனக்கு நினைவே இல்லை என்று.

உனக்கு நினைவில்லாததில் குற்றமில்லை. நான் உனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. வெரி சொல்லிக்கொடுத்தேன், டூ சொல்லிக்கொடுத்தேன், ஆல்மோஸ்ட்டுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தோம். அந்தப் பாடத்தில் ஹார்ட்லி வந்த பக்கத்தை மட்டும் நான் புரட்டிவிட்டேன். நீ அதைப் பிற்பாடு பள்ளிக்கூடத்தில் வேறு யாரிடமோ கற்றுக்கொண்டாய். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதில்லை. இப்போது நீயே கேட்டுவிட்டாய். உனக்கு வயதும் வந்துவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது. பதிலை முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் பாடம். பிள்ளைகள் ஏன் தப்பு செய்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நம் மொழியில் அழகு என்றால் அழகாக, வேகம் என்றால் வேகமாக. கடைசியில் ஓர் 'ஆக' போட்டால் முடிந்தது. இங்கிலீஷில் அந்த 'ஆக' என்பதுதான் 'லி' என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். ஸ்லோ, ஸ்லோலி. குயிக், குயிக்லி. அப்படியானால் ஹார்ட் என்றால் கடினம், ஹார்ட்லி என்றால் கடினமாக. பிள்ளையின் கணக்கில் பிழையே இல்லை. மொழிதான் அந்த இடத்தில் காலை வாரிவிடுகிறது. கடினமாக உழைத்தான் என்பதற்கும் ஹார்ட்தான். ஹார்ட்லி என்பது வேறு குடும்பத்துச் சொல். எந்த வினையோடு அது சேர்கிறதோ அந்த வினையை இல்லை என்கிற ஓரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிடும். மழை பெய்தும் பெய்யாமல் போனது, சாப்பிட்டும் சாப்பிடாமல் எழுந்தான் என்கிறோமே, அந்த இடம். இன்னொன்று, அது வினைக்கு முன்னால் நிற்கும். ஒருவன் தப்பாக வினைக்குப் பின்னால் போட்டால், படிக்கிறவருக்கு இவன் தெரியாமல் எழுதிவிட்டான் என்று புரிந்தாலும் புரிந்துவிடும். முன்னால் போட்டுவிட்டால் தப்பிக்க வழியே கிடையாது. நான் முன்னால் போட்டேன்.

அப்போது நீ பிறக்கவில்லை. அடிவாரத்திலிருந்து மலைமேலிருக்கும் வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்து எனக்கு நாலு வருஷம் ஆகியிருந்தது. மலையில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான். எவ்வளவு தெரியும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை என்பதால் எல்லாம் தெரியும் என்று ஆகிவிட்டது. நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். அந்த வருஷம்தான் காட்டை அளந்து எல்லைக்கல் நட ஆட்கள் வந்தார்கள். எது சர்க்கார் காடு, எது குடியானவன் நிலம் என்று தீர்க்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி அடிவாரத்து பங்களாவில் முகாம் போட்டிருந்தார். சர்க்கார் காட்டின் எல்லைக்கோட்டுக்கு உள்ளே நிலம் வந்துவிட்டவர்கள், அது தங்கள் உழவில் இருந்தது என்று மனுக் கொடுத்து நிரூபிக்க வேண்டும்.

உன் அப்புச்சி என்னிடம் வந்தது அதற்காகத்தான். அவர் உன் அம்மாவைப் பெற்றவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவரை அப்புச்சி என்றும் அவர் மனைவி வெள்ளையம்மாவை அம்மாயி என்றும்தான் கூப்பிடுகிறாய். எனக்கு அப்போது அவர் சடையன், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் குடியானவர். அவருக்கு இரண்டு துண்டு நிலம். ஓடைப் பக்கத்தில் நெல் விளையும் பள்ளத்து வயல் ஒன்று. அதற்கு மேலே சரிவில் சாமையும் கேழ்வரகும் விதைக்கும் மேல்காடு. மேல்காட்டின் ஓரத்தில் ஏழு பலா மரங்கள். இரண்டும் கோட்டுக்குள் வந்துவிட்டன. அவர் தகப்பனார் பாறையை உடைத்ததிலிருந்து, தான் கல் பொறுக்கி வரப்பு வைத்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். நான் பேப்பரை எடுத்தேன்.

"ஏனுங்க வாத்தியாரே, தமிழ்லயே எழுதிப்போடுங்களே" என்றார். "நாஞ்சொன்னதுதான் எழுதியிருக்குதான்னு எனக்குந் தெரியோணுமில்லீங்க."

தமிழில் எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும், "தமிழ்ல எழுதுனா எவனோ ஒரு குமாஸ்தா படிச்சு அவனுக்குத் தோணுனதைச் சொல்லுவான். இங்கிலீசுன்னா துரை நேராப் படிப்பாருங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று சொல்லிப் போய்விட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். முப்பது வருஷமாக இந்த நிலத்தில் இவர் கடினமாக உழைத்திருக்கிறார் என்று எழுத வேண்டிய வரிக்கு வந்தபோது, இலக்கணப் புத்தகத்தில் எங்கோ பார்த்த ஞாபகத்தில் ஹார்ட்லி என்பதை எடுத்து, வினைக்கு முன்னால் வைத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று முன்னால் வைத்தேன். வைத்துவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டு அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் நன்றாக இருக்கிறது என்றாள்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. முப்பது வருஷமாக இந்த நிலத்தில் தான் உழைத்தது இல்லையென்றே சொல்லத் தகும் என்று மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார், அளவுக்காரர் போய்ப் பார்த்தபோது மேல்காடு புதர் மண்டிக் கிடந்தது, ஆகவே உரிமை தள்ளப்படுகிறது என்று இருந்தது. மேல்காட்டை அந்த வருஷம் அவர் இளைப்பாற விட்டிருந்தார். மலையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மூன்று வருஷம் விதைத்தால் இரண்டு வருஷம் விடுவார்கள். அதை நான் மனுவில் எழுதவில்லை, எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. முதலில் அதிகாரிக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். பிறகு பெட்டியிலிருந்து அகராதியை எடுத்தேன். கண்ணு, அந்தப் பக்கத்தை விரலால் தேடிய அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தேடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மத்தியானம் அவர் வந்தார். உத்தரவை என் கையில் பார்த்ததும், "என்னங்க போட்டிருக்குது?" என்றார்.

"இல்லேன்னு சொல்லிட்டாங்க."

"ஏனுங்களாம்?"

"காரணம் ஒண்ணும் போடலீங்க" என்றேன்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதக் கெடு என்று உத்தரவின் அடியிலேயே எழுதியிருந்தது. அதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் இன்னொருவரிடம் எழுதிக்கொள்ளப் போவார், அந்த இன்னொருவர் முதல் மனுவைப் படிப்பார். என் பெயர் கெட்டுவிடும். இவ்வளவுதான் என் மனதில் ஓடியது. இதைவிட நல்ல காரணம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. தெரியாமல் செய்ததை எவரும் மன்னிப்பார்கள். தெரிந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த நாட்களில் உன் அம்மா நிறைமாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குத் துணைக்கு இங்கே யாரும் இல்லை. நிலம் போன வீட்டிலிருந்து வெள்ளையம்மா தினம் எதையாவது மூடி எடுத்துக்கொண்டு வருவாள். சாமைச் சோறு, கீரைக் கடைசல், ஒரு நாள் தேன். மேல்காட்டில் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். கடப்பாரைச் சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே நான் அவள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டேன். கெடு முடிந்த நாள் எனக்குத் தெரியும். அன்றைக்கும் சாப்பிட்டேன்.

நீ பிறந்தது நல்ல மழையில். அடிவாரத்திலிருந்து மருத்துவச்சியைக் கூட்டிவர வழியில்லாமல் பாதை வழுக்கிக் கிடந்தது. வெள்ளையம்மாதான் உன்னை எடுத்தாள். காலை வெயில் ஏறும் நேரத்தில் உன்னைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து, "பாருங்க சாமி, அப்படியே உங்க சாடை" என்று நீட்டினாள். அந்தக் கையிலிருந்து உன்னை வாங்கத் தயங்கினேன். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டேன். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். ஒரு வாரம் கழித்து, நான் எதையோ மறைக்கிறேன் என்று உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "என்ன அது, சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. உன்னை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. சொல்லாம ஊட்டுக்குள்ள வராதீங்க" என்றாள்.

இருவரும் பள்ளத்து வயலில் இருந்தார்கள். அதுவும் போகப்போகிற நிலம்தான்; கல் இன்னும் அங்கே வரவில்லை, அவ்வளவுதான். அவர் உடைந்த வரப்புக்கு மண் வைத்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எந்தச் சொல், அதற்கு நான் நினைத்த அர்த்தம் என்ன, உண்மையான அர்த்தம் என்ன என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல விளக்கினேன். எனக்கு வேறுமாதிரி பேச வரவில்லை.

வெள்ளையம்மாதான் முதலில் நிமிர்ந்தாள். "அப்படீன்னா, எங்க ஊட்டுக்காரரு பேருக்கு ஒழைச்சாருன்னு எழுதிப்போட்டீங்களா?"

பேருக்கு உழைத்தார். கண்ணு, அதுதான் சரியான தமிழ். நான் புரட்டிய எந்த அகராதியிலும் அது இல்லை. உன் பிள்ளைகளுக்கு ஹார்ட்லியை விளக்க வேண்டுமானால் இந்த ஒரு சொல்லைக் கொடு, பிடித்துக்கொள்வார்கள். பேருக்குப் படித்தேன், பேருக்குச் சாப்பிட்டேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது உன் அம்மாயிதான்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் ஓடையில் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார். "இங்கிலீசுச் சொல்லு தப்பாப் போச்சு. செரீங்க, போகட்டும். உங்களுக்குத் தெரியல. காரணம் ஒண்ணும் போடலைன்னு எங்கிட்டச் சொன்னீங்களே, அதைத் தமிழ்லதானுங்களே சொன்னீங்க?"

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "எப்பப் போலாங்க தொரைகிட்ட?" என்றார்.

மறுநாளே இறங்கினோம். வழி முழுக்க அவர் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். பங்களாவில் அரைநாள் காத்திருந்த பிறகு அந்த அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். நரைத்த மனிதர். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மனுவை எழுதியவன் நான், இந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது, இவர் சொன்னது வேறு. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மனுவை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு என்னை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, தம் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, இவரை அவர் பாஷையிலேயே சொல்லச் சொல் என்றார். சடையன் சொன்னார். எந்த வருஷம் எந்தப் பாறை, எந்த வரப்பு எத்தனை தடவை மழையில் போனது, மேல்காடு எந்த வருஷங்களில் விதைப்பு, எந்த வருஷங்களில் ஓய்வு. நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதில் இதில் ஒன்றுகூட இல்லை. நான் கேவலம் என்று நினைத்த அந்தக் குமாஸ்தா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் அதிகாரி மலையேறி வந்து இரண்டு நிலத்தையும் நடந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் சொன்னார்: கீழ் வயலில் இன்னும் கல் நடவில்லை, அதைத் திருப்பித் தருகிறேன், மேல்காடு உத்தரவாகி, கெடுவும் முடிந்து, கல்லும் நட்டாகிவிட்டது, இனி என் கையில் இல்லை, கெடுவுக்குள் வந்திருந்தால் இரண்டையுமே விட்டிருப்பேன். சொல்லிவிட்டு, இதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல் என்றார். குமாஸ்தா அன்றைக்கு மலையேறி வரவில்லை; அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். கீழ் வயல் கிடைத்தது, மேல்காடு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. "கீழ வயலு உங்களுக்குத்தானுங்க. மேல்காடு போனது போனதுதானாம். நான் கெடுவுக்குள்ள சொல்லியிருந்தா அதுவும் கெடைச்சிருக்கும்ங்கிறாருங்க" என்றேன்.

"அப்படிங்களா" என்றார். திரும்பி அந்தப் பலா மரங்களைப் பார்த்தார். அவ்வளவுதான்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்பாயே, அப்புச்சியின் பலா மரமெல்லாம் ஏன் கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்று. அது சர்க்கார் மரம் சாமி என்று சொல்லி உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அந்த மரங்களில் பழுத்து விழுவதை அவர் எடுத்ததில்லை. நீ எடுத்துவந்தாலும் சாப்பிட மாட்டார். ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும். விடுமுறைக்கு வரும்போது அவரிடம் இதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பேசு. எனக்காகப் பேசாமல் இருக்காதே. என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதையும் எழுது. உன் அம்மா அப்போது என்னை வீட்டுக்குள் விட்டாள், ஆனால் உடனே விட்டாள் என்று சொல்ல முடியாது.

உன் பிள்ளைகள் தப்பு எழுதினால் நீ திருத்து, சிவப்பு மையில் நன்றாகவே திருத்து. அதோடு இதையும் பழக்கு. அடுத்தவருக்காக எதை எழுதினாலும், எழுதியதை அவருக்குப் புரியும் மொழியில் அவரிடமே படித்துக் காட்ட வேண்டும். அவர் ஆமாம் என்ற பிறகுதான் அது முடிந்த கடிதம். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாளைக்குத் தங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் எழுதிக்கொடுக்கப் போகிறவர்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

மேல்காடு போன பிறகும் வெள்ளையம்மா உன்னைக் குளிப்பாட்ட வருவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. உன் அப்புச்சி மட்டும் ஆறு வருஷம் என் வீட்டு வாசலில் ஏறவில்லை. எதிரில் வந்தால் ஒதுங்க மாட்டார், நின்று பேசவும் மாட்டார். நீ முதல் வகுப்புப் படித்த வருஷம் பெருமழையில் அடிவாரம் போகிற பாதை ஓரிடத்தில் அறுந்துபோனது. மிளகு மூட்டையைச் சுமந்துகொண்டு பெண்கள் மரவேரைப் பிடித்து இறங்கினார்கள். ஒரு காலையில் அவர் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார். "பாதைக்கு ஒரு மனு எழுதோணும்" என்றார்.

"நானுங்களா?" என்றேன். "என்னைய நம்பியா வந்தீங்க?"

"மலையில வேற ஆருங்க இருக்காங்க எழுதறதுக்கு?" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

தமிழில் எழுதினேன். அவர் சொன்ன வரிசையில், அவர் சொன்னபடி. முடித்ததும் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை படிக்கும்போது, 'நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்' என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்த மிகவுங்கிறதை அடிச்சுப்போடுங்க."

"ஏனுங்க? கஷ்டம் அதிகந்தானுங்களே."

"நாஞ்சொல்லலீங்களே அதை. கஷ்டப்படறோம்னுதான் சொன்னேன். எத்தனைன்னு அவுங்க வந்து எறங்கிப் பாத்துக்கட்டும்."

அடித்தேன். அந்த வரியை மறுபடி படித்தேன். அவர் கேட்டுத் தலையாட்டினார். பிறகு, "இப்பத்தானுங்க இது நாஞ்சொன்னது" என்று சொல்லிவிட்டு, மை தொட்டு ரேகை வைக்கத் தம் பெருவிரலை என்னிடம் நீட்டினார்.

உன் அப்பா